வாக்கர் என்றால் நடப்பவரா?

கேள்வி – ஜனவரி 6

எங்கள் பிரிவுக்கு லண்டன் அலுவலகத்திலிருந்து புதிதாக ஒரு மேலாளர் வந்திருக்கிறார். பெயர் வாக்கர். வெள்ளைக்காரர்களுக்கு டெய்லர், குக், கார்ப்பெண்டர் என்று தொழிலை வைத்துக் குடும்பப் பெயர் உண்டு, தெரியும். நடப்பது ஒரு தொழிலா? காட்டைச் சுற்றி நடந்து காவல் காத்த வனக்காவலர்தான் வாக்கர் என்கிறார் பக்கத்து சீட்டுக்காரர். விஸ்கி பாட்டிலில் தொப்பியும் கைத்தடியுமாக ஒருவர் விறுவிறுவென்று போகிறாரே, அவரும் காவலரா?

ஜனவரி 6, இரவு

காவலும் கிடையாது, நடையும் கிடையாது. துணி மிதிப்பவர்.

கம்பளித் துணி தறியிலிருந்து இறங்கும்போது சாக்கு மாதிரி இருக்கும். இழைக்கும் இழைக்கும் நடுவே விரல் விடலாம். ஆட்டின் பிசுக்கு, நூற்கும்போது தடவிய எண்ணெய், எல்லாம் சேர்ந்து ஒரு வாடை வேறு. அதைத் தொட்டியில் போட்டு, புளித்த மூத்திரத்தை ஊற்றி, உடுப்பைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணிக்கணக்கில் மிதிக்க வேண்டும். பிசுக்கு விடும், இழைகள் ஒன்றையொன்று கவ்வும், துணி சுருங்கித் தடிக்கும். அதற்கப்புறம்தான் அது குளிர் தாங்கும் துணி. இந்த வேலையைச் செய்தவரைப் பழைய ஆங்கிலத்தில் ‘வெயல்கெரெ’ என்றார்கள். அதுதான் தேய்ந்து வாக்கர். ‘வெயல்கன்’ என்றால் உருள், புரள். அலை புரள்வதற்கும் அதே சொல். கால்நடையாகப் போவது என்ற பொருள் 1200 வாக்கில்தான் அதற்கு வந்து சேர்ந்தது.

வனக்காவலர் கதை எனக்கும் வந்திருக்கிறது. காட்டின் ஒரு பகுதியை ‘வாக்’ என்று சொல்லும் வழக்கு உண்டுதான். ஆனால் அது பிந்தியது. அதற்கு முன்பே யார்க்‌ஷயர் உட்பட வட இங்கிலாந்து முழுக்க வாக்கர்கள் இருந்தார்கள்.

ஜனவரி 7, காலை

விஸ்கியை விட்டுவிட்டேன். ஜான் வாக்கர் ஸ்காட்லாந்தின் கில்மார்னக்கில் மளிகைக் கடைக்காரர், கடை திறந்தது 1820இல். பாட்டிலில் இருக்கும் நடைக்காரரை டாம் பிரௌன் என்ற ஓவியர் வரைந்து கொடுத்தது 1908இல். பெயரை வைத்து ஒரு சிலேடை, அவ்வளவுதான். சரித்திரப்படி வரைந்திருந்தால் முழங்கால் வரை தொட்டியில் நின்றுகொண்டிருப்பார். பாட்டில் விற்றிருக்காது.

அந்த விஸ்கியின் பெயரைத்தான் குரு தத், பம்பாயில் பஸ் கண்டக்டராக இருந்த பத்ருதீன் காசிக்கு வைத்தார். அவர்தான் இந்திப் படத்து நகைச்சுவை நடிகர் ஜானி வாக்கர். யார்க்‌ஷயர் தொட்டியில் கிளம்பிய பெயர் எங்கே வந்து நின்றது பாருங்கள்.

ஜனவரி 7, இரவு

பகலில் அவசரத்தில் எழுதியதில் முக்கியமான விஷயம் நழுவிவிட்டது. இந்த ஒரே வேலைக்கு ஆங்கிலத்தில் மூன்று பெயர்கள். வடக்கிலும் நடு இங்கிலாந்திலும் வாக்கர். தென்கிழக்கிலும் கிழக்கு ஆங்கிலியாவிலும் ஃபுல்லர். டெவன், சாமர்செட் என்று தென்மேற்கு மூலையில் டக்கர்.

ஃபுல்லர் லத்தீனின் ‘ஃபுல்லோ’ வழி வந்தது, பிரெஞ்சும் துணைக்கு இருந்தது. டக்கர் பழைய ஆங்கில ‘டூகியன்’ என்ற வினையிலிருந்து. அதற்குப் பொருள் வதைப்பது, படுத்தி எடுப்பது. துணியை அவர்கள் என்ன பாடு படுத்தினார்கள் என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. எக்சிட்டர் நகரில் நெசவாளர், மிதிப்பவர், கத்தரிப்பவர் ஆகியோரின் சங்கக் கட்டடம் 1471 முதல் நிற்கிறது. பெயர் டக்கர்ஸ் ஹால். அதையே யார்க்‌ஷயரில் கட்டியிருந்தால் வாக்கர்ஸ் ஹால் ஆகியிருக்கும்.

அதனால் ஒரு ஆங்கிலேயரின் பெயர் ஃபுல்லரா, வாக்கரா, டக்கரா என்று தெரிந்தால், 600, 700 வருஷத்துக்கு முன்பு அவருடைய பாட்டன் எந்தத் திசையில் இருந்தான் என்று ஓரளவு ஊகிக்கலாம். நம்மூரில் ஒருவர் குழம்பை என்ன பெயர் சொல்லிக் கேட்கிறார் என்பதை வைத்து மாவட்டம் சொல்வது மாதிரி. அதே அளவுக்குத் தப்பவும் தப்பும்.

ஜனவரி 9

“மிதித்தால் துணி எப்படிச் சுருங்கும், புளுகாதீர்கள்” என்று ஒருவர். என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

ஊட்டியில் வாங்கிய கம்பளி ஸ்வெட்டர். சாம்பல் நிறம், முழுக்கை, எனக்குக் கொஞ்சம் தொளதொள. போன டிசம்பரில் மெஷினில் மற்ற துணிகளோடு போட்டேன். வெந்நீர், 60 டிகிரி. வெளியே எடுத்தபோது என் எட்டு வயது மகளுக்குச் சரியாக இருந்தது. பின்னல் கண்ணே தெரியவில்லை, தபால்காரர் பை மாதிரி தடித்து விறைத்துக் கிடந்தது. கையால் இழுத்துப் பார்த்தேன், தண்ணீரில் ஊறப்போட்டு ஷாம்பூ விட்டுப் பார்த்தேன், ஊஹூம். மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அதை மடித்து மகள் அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள்.

இதுதான் அந்த வேலை. ஆட்டு ரோமத்தின் மேல் ஓடு வேய்ந்தது போல செதில் உண்டு. ஈரம், சூடு, சோப்பின் காரம், அழுத்தம் நான்கும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும். மாட்டியதை விடுவிக்க முடியாது. மெஷின் டிரம் எனக்கு முக்கால் மணி நேரம் வாக்கர் வேலை பார்த்திருக்கிறது. பருத்திச் சட்டை அதே டிரம்மில் ஒன்றும் ஆகாமல் வந்தது, ஏனென்றால் பருத்தியில் செதில் கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

ஜனவரி 12

மூத்திரத்தைப் பற்றி நான்கு பேர் தனியாகக் கேட்டுவிட்டார்கள். கூச்சப்பட ஒன்றும் இல்லை.

புளித்த மூத்திரத்தில் அம்மோனியா இருக்கிறது, அது கொழுப்பை வெட்டும். சோப்பு விலை உயர்ந்த காலத்தில் வேறென்ன செய்வார்கள்? ரோமில் இதற்கு வரியே இருந்தது. வெஸ்பாசியன் பேரரசர் போட்டார். மகன் டைட்டஸ் முகம் சுளித்தபோது காசை அவன் மூக்கருகே பிடித்து நாறுகிறதா என்று கேட்டதாக ரோமானிய எழுத்தாளர் சூட்டோனியஸ் எழுதுகிறார். எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பொம்பெயியில் ஸ்டெபனஸ் என்பவருடைய மிதி பட்டறையைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள், தொட்டிகளோடு.

2014இல் வேலை நிமித்தம் மான்செஸ்டர் பக்கம் சில மாதங்கள் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை போக்க வழியில்லாமல் ஹெல்ம்‌ஷோர் என்ற ஊரின் ஆலை அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1789இல் கட்டிய மிதி ஆலை. தண்ணீர்ச் சக்கரம் சுற்றுகிறது, தண்டில் உள்ள பல் ஒன்று ஆளுயர ஓக் மரச் சுத்தியலைத் தூக்கி விடுகிறது, அது தொட்டியில் கிடக்கும் துணிமேல் தொம் என்று விழுகிறது. ஒன்று விழ ஒன்று எழ. தரை அதிர்வது செருப்பின் வழியாகக் கால் வரை வந்தது. எனக்கு ஊரில் அவல் இடித்த உலக்கைச் சத்தம்தான் ஞாபகம் வந்தது, ஆனால் இதற்கு மூச்சு வாங்கவில்லை.

அங்கே வழிகாட்டியாக இருந்த முதியவர், வீடு வீடாக வாளி வைத்து மூத்திரம் சேகரித்ததைச் சொன்னார். அந்தப் பக்கத்து மொழியில் அதற்கு ‘லாண்ட்’ என்று தனிப் பெயரே உண்டு. மெதடிஸ்ட் சபைக்காரர் வீட்டு வாளிக்குக் கூடுதல் விலை கொடுப்பார்களாம், அவர்கள் சாராயம் தொட மாட்டார்கள், சரக்கு நீர்க்காது என்று. இதைச் சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார். தினமும் மூன்று வேளை சொல்கிற ஜோக் என்று பார்த்தாலே தெரிந்தது.

ஜனவரி 12, பத்து நிமிடம் கழித்து

எதிர்பார்த்த வாட்ஸப் ஃபார்வர்டு வந்துவிட்டது. ‘பிஸ் பூவர்’ என்ற ஆங்கில வசவு, மூத்திரம் விற்றுப் பிழைத்த ஏழைகளிடமிருந்து வந்ததாம். இல்லை. அந்தச் சொல் 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. அதில் முன்னால் இருப்பது வெறும் அழுத்தச் சொல், நாம் ‘செம’ போடுகிற மாதிரி. நிறுத்துங்கள்.

ஜனவரி 15

மிதித்த துணி சுருங்கிவிடுமே, என்ன செய்வார்கள் என்ற கேள்வி நல்ல கேள்வி. வெளியே மைதானத்தில் நீளமான மரச் சட்டம் நட்டு, அதன் கொக்கிகளில் துணியின் இரு கரையையும் மாட்டி இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள். சட்டத்துக்கு ‘டென்டர்’ என்று பெயர். பதற்றத்தில் இருப்பதை டென்டர்ஹூக்கில் இருப்பதாக ஆங்கிலேயர் சொல்வது இந்தக் கொக்கியால்தான். லண்டனில் டென்டர் கிரவுண்ட் என்று தெருவே உண்டு. கென்ட் மாவட்டத்து டென்டர்டென் ஊரும் இதே வழிதான்.

பிறகு டீசல் என்ற முள்காயால் மேற்பரப்பைச் சீவி ரோமத்தை எழுப்புவார்கள். (பம்பில் போடுகிற டீசல் வேறு.) எழுந்த ரோமத்தைப் பெரிய கத்தரியால் சமமாக வெட்டுபவர் ஷியர்மன். அந்தப் பெயர்தான் ஷெர்மன். அமெரிக்கத் தளபதி ஷெர்மன், அவர் பெயர் வைத்த பீரங்கி வண்டி, எல்லாம் அந்தக் கத்தரிக்காரர் வாரிசு.

ஜனவரி 16

திருத்தம். டென்டர்டென் பற்றி நேற்று எழுதியது தப்பு. ‘தானெட் ஊர்க்காரர்களின் பன்றி மேய்ச்சல் காடு’ என்பதுதான் அந்த ஊர்ப் பெயரின் பொருள். கம்பளி வியாபாரத்துக்குப் பேர் போன ஊர், டென்டர் என்று வேறு ஆரம்பிக்கிறது, இரண்டையும் பார்த்ததும் முடிச்சுப் போட்டுவிட்டேன். வனக்காவலர் கதை சொன்னவரைக் கிண்டல் செய்தவன் நான்தான்.

ஜனவரி 19

வரும் என்று தெரியும், வந்துவிட்டது. “அப்படியானால் வெள்ளைக்காரனுக்கும் சாதிதானே?”

இல்லை என்றுதான் சொல்வேன், ஆனால் அவர்களைத் தூக்கிப் பிடிக்கவும் மாட்டேன்.

1379இல் யார்க்‌ஷயரில் தலைவரி வசூலித்த பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. ஆளின் பெயர், பல இடங்களில் அவர் செய்யும் தொழில், கட்டிய வரி. சிலருக்குப் பெயரும் தொழிலும் பொருந்துகின்றன, சிலருக்குப் பொருந்தவில்லை. பெயர் அப்பனிடமிருந்து வந்திருக்கிறது, பிழைப்பு வேறெங்கோ இருந்து. கவிஞர் சாசரை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பப் பெயருக்குப் பொருள் காலுறை அல்லது செருப்பு செய்பவர். அப்பா லண்டனில் ஒயின் வியாபாரி. மகன் சுங்கத்துறை அதிகாரி, போதாக்குறைக்குக் கவிதை. யாரும் அவரைச் செருப்புத் தைக்கக் கூப்பிடவில்லை. 1538இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாவற்றையும் கோயில் பதிவேட்டில் எழுதச் சொன்னபோது பெயர் இன்னும் கெட்டிப்பட்டது. தொழில் அதற்கு முன்பே கழன்று விழுந்திருந்தது.

நம்மூரில் தொழிலை விட்டாலும் பெயர் விடாது என்பதல்ல சிக்கல், அங்கேயும் விடவில்லை. பெயரைச் சொன்னதும் எந்தத் தெரு, எந்தக் குவளை, யாரைக் கட்டலாம் என்று அடுத்தவன் மனசில் ஓட ஆரம்பிக்கிறதே, அது அங்கே வாக்கருக்கு நடக்கவில்லை. என் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டில் எங்கள் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் இருந்தது. வாத்தியார் அதைச் சத்தமாகப் படித்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இதற்கு மேல் அதை இங்கே எழுத விருப்பமில்லை.

அங்கே எல்லாம் சமத்துவம் என்றும் நினைக்க வேண்டாம். பாண்ட் என்ற பெயர் இருக்கிறதே, அது குடியானவன். காலப்போக்கில் பண்ணையடிமை என்ற பொருளும் அதற்கு ஏறியது. ஜேம்ஸ் பாண்டின் முப்பாட்டன் பண்ணையில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்திருப்பான்.

ஜனவரி 20

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். “அங்கே வாக்கருக்கு நடக்கவில்லை” என்பது கொஞ்சம் அதிகப்படி. ‘அங்கே’ என்பது எந்த இடம் என்று நான் யோசிக்கவில்லை. விட்டுவைக்கிறேன், பிறகு வருகிறேன்.

ஜனவரி 24

தமிழில் இந்தத் தொழிலுக்குப் பெயர் என்ன என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்து விடை பைபிளில் இருக்கிறது. சின்ன வயதில் பக்கத்து வீட்டு அத்தை சத்தமாக வாசிப்பார், எனக்குக் காதில் விழுந்தே மனப்பாடம். மாற்கு 9ஆம் அதிகாரத்தில் இயேசுவின் உடை ‘பூமியிலே எந்த வண்ணானும் வெளுக்கக்கூடாத’ வெண்மையாக ஒளிர்ந்தது என்று வரும். அந்த இடத்தில் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் இருப்பது ஃபுல்லர். பழைய ஏற்பாட்டு மல்கியாவில் ‘வண்ணாருடைய சவுக்காரம்’ என்று வருகிற இடத்திலும் ஃபுல்லர்தான்.

மொழிபெயர்த்தவர்களுக்கு வேறு வழியில்லை. நம் துணி பருத்தி. பருத்திக்கு வெளுப்பு உண்டு, வெள்ளாவி உண்டு, கஞ்சி உண்டு. மிதித்துச் சுருக்குவது கிடையாது, சுருங்காது. ஸ்வெட்டர் கதையில் ஞாபகம் வைக்கச் சொன்னது இதற்குத்தான். வேலை இல்லாத ஊரில் அந்த வேலைக்காரருக்குப் பெயர் எப்படி இருக்கும்? சொல்லைத் தேடிப் போனவர்கள் ஆற்றங்கரையில் துணியோடு நின்றவரைப் பார்த்து அவர் பெயரைப் போட்டுவிட்டார்கள்.

ஆனால் ஒரு சாமான் மட்டும் நம் வீட்டில் இருக்கிறது. துணியின் பிசுக்கை உறிஞ்ச ஃபுல்லர் பயன்படுத்திய களிமண்ணுக்கு ஆங்கிலத்தில் அவர் பெயரே, ஃபுல்லரின் மண். சர்ரே மாவட்டத்தில் வெட்டி எடுத்தார்கள். அந்நியர் கம்பளித் தொழில் வளர்ந்துவிடும் என்று 17ஆம் நூற்றாண்டில் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவே தடை போட்டார்கள். நாம் அந்த மண்ணை முல்தானி மெட்டி என்று முகத்தில் பூசிக்கொள்கிறோம்.

ஜனவரி 26

இரண்டு திருத்தம்.

ஒன்று. நம்மிடம் கம்பளியே இல்லாதது போல எழுதிவிட்டேன். குறும்பர்கள் ஆடு வளர்த்து, ரோமம் வெட்டி, கம்பளி நெய்தவர்கள். எங்கள் தாத்தா போர்த்தியிருந்த கறுப்புக் கம்பளி, மழையில் நனைந்தால் ஆட்டுக் கிடை வாசம் அடிக்கும், அவர்கள் நெய்ததுதான். மறந்தது என் தப்பு.

இரண்டு. வண்ணான் என்ற மொழிபெயர்ப்பைத் ‘வேறு வழியில்லாமல்’ என்று சொன்னதும் சரியில்லை. மல்கியாவில் இருக்கும் எபிரேய மூலச் சொல்லின் வேர் ‘கபஸ்’, மிதித்துத் துவைப்பது. அந்த நாட்டில் புதுத் துணி மிதிப்பவரும் பழைய துணி வெளுப்பவரும் ஒரே ஆள். ஆங்கிலேயர் பாதியை எடுத்தார்கள், தமிழ்க்காரர் மறு பாதியை எடுத்தார்கள்.

ஜனவரி 31

கடந்த நான்கு நாளாக இங்கே கிரிக்கெட்தான் ஓடுகிறது, நானும் சேர்ந்துகொள்கிறேன். குக், ஸ்மித், டெய்லர், பட்சர், டர்னர், பட்லர், ஆர்ச்சர், மார்ஷல். சமையல்காரர், கொல்லர், தையல்காரர், கசாப்புக்காரர், கடைசல்காரர், ஒயின் பாட்டில் பார்த்துக்கொள்பவர், வில்லாளி, குதிரை லாயத்து ஆள். சந்தைக்கிழமை மாதிரி இருக்கிறது. மார்ஷல் மட்டும் லாயத்தில் ஆரம்பித்து ராணுவத் தலைமை வரை போய்விட்டார். பதவி உயர்வு என்றால் அது.

“டக்கரா இருக்கு” என்பது டெவன் டக்கரா என்று கேட்டவருக்கு: அது இந்தி ‘டக்கர்’, மோதல். கேள்வி மட்டும் டக்கர்.

ஃபுல்லர் ரசிகர்களுக்கு: பக்மின்ஸ்டர் ஃபுல்லர் என்ற அமெரிக்கக் கட்டடக்காரர் கட்டிய உருண்டைக் கூடு போலவே இருந்ததால், 1985இல் கண்டுபிடித்த 60 கார்பன் அணு உருண்டைக்கு ஃபுல்லரீன் என்று பெயர் வைத்தார்கள். 1996இல் அதற்கு நோபல் பரிசு. வேதியியல் புத்தகத்தில் ஒரு துணி மிதிப்பவர் உட்கார்ந்திருக்கிறார், பையன்கள் மார்க்குக்காக எழுதிவிட்டுப் போகிறார்கள்.

பிப்ரவரி 4

ஹெல்ம்‌ஷோர் சுத்தியலைப் பற்றி எழுதினேனே, அது எப்போது வந்தது என்று கேட்டிருந்தார்கள். இங்கிலாந்தில் முதல் பதிவு 1185. டெம்ப்ளர் துறவி வீரர்கள் தங்கள் சொத்தைக் கணக்கெடுத்தபோது தண்ணீரில் ஓடும் மிதி ஆலைகள் பட்டியலில் வருகின்றன, யார்க்‌ஷயரில் ஒன்று, காட்ஸ்வோல்ட் பக்கம் ஒன்று. இதையெல்லாம் வைத்து கேரஸ்-வில்சன் என்ற வரலாற்றாசிரியர் 1941இல் ‘13ஆம் நூற்றாண்டின் தொழிற்புரட்சி’ என்றே ஒரு கட்டுரை எழுதினார். அவ்வளவு பெரிய வார்த்தை தேவையா என்று பின்னால் வந்தவர்கள் குறைத்துக்கொண்டார்கள்.

குடும்பப் பெயர்கள் பரம்பரையாக நிலைத்தது பெரும்பாலும் 1200க்கும் 1400க்கும் நடுவில். அதே காலத்தில்தான் காலின் வேலையைச் சுத்தியல் எடுத்துக்கொண்டது. பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே வேலை கைமாறிவிட்டது! ஆலை வைத்திருந்தவரும் வாக்கர்தான், தொட்டியில் கால் வைக்காமலே.

ஆலையை எல்லாரும் கும்பிட்டு வரவேற்கவில்லை. செயின்ட் ஆல்பன்ஸில் மடத்துத் தலைவர், துணி மிதிப்பது மடத்து ஆலையில்தான், கட்டணம் மடத்துக்குத்தான் என்றார். ஊர்க்காரர்கள் வீட்டிலேயே மிதித்தார்கள். 1274இல் எலினோர் ராணி அந்தப் பக்கம் வந்தபோது ஊர்ப் பெண்கள் திரண்டு முறையிட்டார்கள், வழக்கில் தோற்றார்கள். இரண்டு தலைமுறை கழித்து இன்னொரு மடத் தலைவர் வீட்டுத் திருகைகளையும் பிடுங்கித் தன் முன்கூடத்துக்குத் தளமாகப் பதித்தார். 1381 விவசாயிகள் கலகத்தில் ஊர்க்காரர்கள் உள்ளே புகுந்து அந்தத் தளத்தைப் பெயர்த்து, உடைத்து, ஆளுக்கொரு துண்டு எடுத்துப்போனார்கள். அந்த வருஷக் கலகத்தின் தலைவன் பெயர் வாட் டைலர். டைலர் என்றால் ஓடு வேய்பவர்.

பிப்ரவரி 5

திருகை மாவு அரைப்பதற்கு, துணிக்கு அல்ல. இரண்டு சண்டையையும் ஒன்றாகக் குழைத்துவிட்டேன் என்று சுட்டிக்காட்டியவர் சொல்வது சரி. மடத்து ஆலை ஏகபோகம் என்ற ஒரே சண்டையின் இரண்டு கிளை என்று வாசியுங்கள்.

பிப்ரவரி 11

ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் ஆலை வராத இடங்களில் பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, நனைத்த துணியைக் கையால் அடித்து அடித்துப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளுவார்கள். 20ஆம் நூற்றாண்டு வரை இது நடந்தது. அடிக்கு ஏற்ற பாட்டு. ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. கேலிக் மொழி ஒரு சொல் புரியாது, ஆனால் நான் போட்டுக் கேட்டதும் அம்மா அடுப்படியிலிருந்து “என்ன, நடவுப் பாட்டா?” என்றார். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

பிப்ரவரி 11, இரவு

இன்னொரு சின்னது. நியூகாசில் நகரில் வாக்கர் என்றே ஒரு பகுதி இருக்கிறது. அது ரோமானியச் சுவரோரத்துச் சதுப்பு என்று பொருள்படும் ஊர்ப் பெயர், மிதிப்புக்கும் அதற்கும் உறவில்லை. அந்த ஊரால் வாக்கர் ஆனவர்களும் இருக்கலாம். வேல்ஸில் மிதி ஆலைக்கு ‘பாண்டி’ என்று பெயர். டோனிபாண்டி என்ற ஊர் அப்படி வந்தது. புதுச்சேரிக்காரர்கள் கிளம்பி வர வேண்டாம்.

பிப்ரவரி 27 – கேள்வி கேட்டவர்

இழை இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை. நேற்று டீ குடிக்கும்போது மேலாளரிடம், உங்கள் முன்னோர் யார்க்‌ஷயரா என்று கேட்டேன். சிரித்தார். பிறந்தது பர்மிங்காம், தாத்தா 1950களில் ஜமைக்காவிலிருந்து கப்பலில் வந்தவராம். அவர் கறுப்பர் என்று நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டுமோ?

பிப்ரவரி 27, இரவு

எழுதத் தேவையில்லை, நான் கேட்டிருக்க வேண்டும். முதல் நாளிலிருந்து என் மனசில் இருந்தது சிவந்த மூக்கோடு ஒரு யார்க்‌ஷயர்க்காரர். நீங்கள் சொல்லவே இல்லை, நானாக வரைந்துகொண்டேன். டாம் பிரௌனைச் சொல்லிவிட்டு நானும் ஒரு படம் போட்டிருக்கிறேன்.

ஜனவரி 20இல் பாக்கி வைத்த இடம் இதுதான். ஜமைக்காவில் அடிமைகளாக இருந்தவர்களுக்குக் குடும்பப் பெயர் வந்த வழியே வேறு. தோட்ட முதலாளி பெயர், மேற்பார்வையாளர் பெயர், ஞானஸ்நானத்தின்போது பதிவேட்டில் எழுதிய பெயர். சட்டப்படி விடுதலை 1834இல் தொடங்கி 1838இல் முழுமையானது, பெயர் அப்படியே தங்கியது. ஜனவரி 31இல் ஆர்ச்சர், மார்ஷல் என்று நான் அடுக்கியதில் ஜோஃப்ரா ஆர்ச்சரும் மால்கம் மார்ஷலும் பார்படாஸ்காரர்கள். அவர்கள் பாட்டன் வில்லும் பிடிக்கவில்லை, லாயத்திலும் இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஜோக்கை இப்போது எழுதினால் வேறு மாதிரி எழுதுவேன். அழிக்கவில்லை, இருக்கட்டும்.

பிப்ரவரி 28

தூக்கம் வரவில்லை, இன்னொன்று. 18ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் மலையூர்களில் நெய்து, அந்தப் ‘பாண்டி’களில் மிதித்த முரட்டுக் கம்பளிக்கு ‘வெல்ஷ் பிளெயின்’ என்று பெயர். அதன் பெரிய சந்தை அட்லாண்டிக்குக்கு அக்கரையில், கரீபியனிலும் அமெரிக்காவிலும். தோட்ட முதலாளிகள் மொத்தமாக வாங்கி அடிமைகளுக்கு வருஷ உடுப்பாக அளந்து கொடுத்தார்கள். யார்க்‌ஷயரின் பெனிஸ்டன் கம்பளியும் அப்படி ஜமைக்கா போனது. அந்த வெயிலில் கம்பளி.

பெயர் ஒரு கப்பலில் போயிருக்கிறது, மிதித்த துணி இன்னொரு கப்பலில்.

மார்ச் 2

“இதையெல்லாம் அவரிடம் சொல்லலாமா அண்ணா?” என்று கேட்டிருக்கிறீர்கள். மூத்திரத் தொட்டியைச் சொல்லுங்கள், சிரிப்பார். மற்றது அவர் வீட்டில் என்றைக்கோ பேசியிருப்பார்கள். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்வெட்டர் என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு: மகளுக்கு இந்த வருஷமே கை குட்டையாகிவிட்டது.